தோட்டத்துக்குச் சொந்தமாக ஒரு டெலிபோன் எக்ஸ்சேஞ்ச்: குறைந்த செலவில் கட்ட முழுமையான வழிகாட்டி

மலேசியாவின் செம்பனை (எண்ணெய்ப் பனை) தோட்டத்தில் இன்று ஹேண்ட்போன் இல்லாத ஆளைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அப்படியிருக்கும்போது தோட்டத்துக்கென்று தனி டெலிபோன் எதற்கு என்று யாராவது கேட்டால் அது நியாயமான கேள்விதான். ஹேண்ட்போன் நம்பர் ஆளோடு போகும், இடத்தோடு நிற்காது. ஜாகா (காவலாளி) வேலை மாறினால் கேட்டின் நம்பரும் மாறிவிடுகிறது. மருந்தகத்தைப் பார்க்கும் டிரெஸர் விடுப்பில் போனால் மருந்தகத்தையே கூப்பிட முடிவதில்லை. ஆயாக் கொட்டகையில் குழந்தைக்கு வலிப்பு வந்தால் ஆயாவின் போனில் காசு, சார்ஜ், சிக்னல் மூன்றும் ஒரே நேரத்தில் இருக்க வேண்டும். பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட் பக்கம் சுண்ணாம்புக் குன்றும் வளர்ந்த செம்பனையும் சேர்ந்து மறைப்பதால், டவுனில் நன்றாகப் பேசும் போன் லயத்துக்குள் (தொழிலாளர் வீட்டு வரிசைக்குள்) வந்ததும் திணறுவது சாதாரணம்.

இடத்துக்கு ஒரு நம்பர், அந்த நம்பருக்கு ஒரு மேசைப் போன், உள்ளுக்குள் பேச காசு கிடையாது. இதைத்தான் இங்கே கட்டப் போகிறோம். அலுவலகம், கேட், மருந்தகம், ஆயாக் கொட்டகை, கோயில், குலை நிறுக்கும் இடம், அதோடு நாற்பது ஐம்பது லயத்து வீடுகள் என்று ஒரு நடுத்தரத் தோட்டத்தை மனத்தில் வைத்து எழுதுகிறேன். டவுனில் உள்ள ஒரு தாமான் (வீடமைப்புப் பகுதி) குடியிருப்பாளர் சங்கமோ டியூஷன் மையமோ இதே முறையைச் சிறிய அளவில் செய்யலாம்.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். இந்த வேலையில் எக்ஸ்சேஞ்ச், அதாவது போன்களை ஒன்றோடொன்று இணைத்துவிடும் பெட்டி, சுலபம்; விலையும் குறைவு. பணமும் உழைப்பும் போகும் இடம் வெளியே: கட்டடத்துக்கும் கட்டடத்துக்கும் நடுவில் உள்ள கம்பி, இடி மின்னல், மின்சாரம். பலர் இதைத் தலைகீழாகத் திட்டமிடுகிறார்கள்.

எங்கிருந்து வந்தது இந்த வழி

1999இல் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் மார்க் ஸ்பென்சர் என்ற இளைஞர் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்துக்குச் சொந்தமாக ஒரு சேவை நிறுவனம் தொடங்கினார். அலுவலகத்துக்கு எக்ஸ்சேஞ்ச் வாங்கக் காசு போதவில்லை. அதனால் தானே ஒன்றை எழுதினார். அதுதான் ஆஸ்டெரிஸ்க். சாதாரணக் கணினியையே டெலிபோன் எக்ஸ்சேஞ்சாக மாற்றிவிடும் இலவச மென்பொருள் அது. மூல நிரலை யாரும் பார்க்கலாம், மாற்றலாம். அதே காலத்தில் ஜிம் டிக்ஸன் என்பவர் டெலிபோன் கம்பியைக் கணினியோடு இணைக்கும் அட்டையின் வடிவமைப்பைப் பொதுவில் வெளியிட்டார். இரண்டும் சேர்ந்த பிறகு, பெரிய நிறுவனங்களின் கையில் மட்டும் இருந்த ஒரு தொழில் சாதாரண ஆட்களின் கைக்கும் வந்தது.

நம் நிலைமைக்கு இன்னும் நெருக்கமானது ஆஸ்திரேலியாவின் டேவிட் ரோ செய்த வேலை. நான்கு போன் கம்பிகளை இணைக்கும் ஐபி04 என்ற சிறிய எக்ஸ்சேஞ்ச் பெட்டியை வடிவமைத்து, அதன் சர்க்யூட் படங்களை எல்லோருக்கும் திறந்துவிட்டார். எதிரொலியை அடக்கும் ஓஸ்லெக் என்ற மென்பொருளும் அவர் எழுதியதே. பிறகு தென்னாப்பிரிக்காவில் தொடங்கிய வில்லேஜ் டெல்கோ திட்டத்தோடு சேர்ந்து மெஷ் பொட்டேட்டோ என்ற கருவி வந்தது: ஒரு வைஃபை பெட்டி, அதிலேயே சாதாரண போன் செருக ஒரு துளை. பக்கத்துப் பெட்டிகளை அதுவே தேடிப் பிடித்துக் கைமாற்றிக் கைமாற்றிக் குரலைக் கொண்டுபோகும். திமோர் லெஸ்தேயின் டிலி நகரில் அதை நிறுவிப் பார்த்திருக்கிறார்கள். இன்று அந்தப் பெட்டிகளைத் தேடி அலைய வேண்டாம். அதே வேலையைக் கடையில் கிடைக்கும் தனித்தனிச் சாமான்களைச் சேர்த்தே செய்துவிடலாம்.

படி 1: கையில் நோட்டோடு ஒரு சுற்று

எதையும் வாங்குவதற்கு முன் தோட்டத்தை நடந்து பாருங்கள். போன் வேண்டிய ஒவ்வொரு இடத்துக்கும் நான்கு விஷயம் குறியுங்கள்: அலுவலகத்திலிருந்து எத்தனை மீட்டர், கண்ணுக்கு நேராகத் தெரிகிறதா, மின்சாரம் இருக்கிறதா, பழைய டெலிபோன் கம்பி ஏதாவது கிடக்கிறதா. பழைய அலுவலகங்களில் கிராணி (எழுத்தர்) மேசையிலிருந்து ஸ்டோருக்கும் மேனேஜர் பங்களாவுக்கும் போட்ட இன்டர்காம் கம்பி இன்னும் சுவரில் இருக்கலாம். உள்ளே தாமிரம் பச்சை பிடிக்காமல் இருந்தால் அது பிழைத்த காசு.

தண்ணீர்த் தொட்டி எங்கே நிற்கிறது என்று கட்டாயம் குறியுங்கள். தோட்டத்தில் பெரும்பாலும் அதுதான் உயரமான இடம், ரேடியோ வைக்க அதைவிட நல்ல இடம் கிடைக்காது. இடி விழுவதற்கும் அதுவே நல்ல இடம். அதைப் பற்றிப் பின்னால் பேசுவோம்.

மேனேஜரிடம் எழுத்தில் அனுமதி வாங்குவதும் இந்தப் படியிலேயே. நிலமும் லயமும் நிறுவனத்துடையவை. பொது ரோட்டைத் தாண்டிக் கம்பி இழுக்க வேண்டியிருந்தால் அது வேறு கதை, ஊராட்சியிடமும் போக வேண்டிவரும். முடிந்தவரை எல்லைக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள்.

படி 2: நம்பர் திட்டம்

இதைத் தாளில் முடித்துவிட்டுத்தான் கணினியைத் தொட வேண்டும். மூன்று இலக்கம் போதும். பொது இடங்களுக்கு 1இல் தொடங்கும் நம்பர்: அலுவலகம் 101, கேட் 102, மருந்தகம் 103 என்று. லயத்து வீடுகளுக்கு முதல் இலக்கம் லயத்தின் எண், அடுத்த இரண்டு கதவு எண். இரண்டாம் லயம் ஏழாம் வீடு என்றால் 207. 1 பொது இடங்களுக்குப் போய்விட்டதால் முதல் லயத்தை 8 என்று வைத்துக்கொள்ளலாம். பாட்டிகூட யாரையும் கேட்காமல் நம்பரைக் கண்டுபிடித்துவிடுவார்.

உள் நம்பர் எதுவும் 0இலோ 9இலோ தொடங்கக் கூடாது. 0 வெளி அழைப்புக்கு, 9 அவசர எண் 999க்கு. பழைய அலுவலகங்களில் வெளியே பேச முதலில் 9 அமுக்கும் வழக்கம் இருந்தது. அதை இங்கே கொண்டுவர வேண்டாம். பதறிப்போய் இருக்கும் ஆள் 999 மட்டும்தான் அமுக்குவார், அது நேராகப் போக வேண்டும்.

உள் அவசரத்துக்கு 111 வைத்துக்கொள்ளுங்கள். இருட்டில் தடவிக்கூட அமுக்கலாம். அது டிரெஸர் வீடு, கேட், வேன் டிரைவர் வீடு மூன்றையும் ஒரே நேரத்தில் அடிக்கும், முதலில் எடுப்பவருக்குப் போகும். என்னைக் கேட்டால் இந்த முழு வேலைக்கும் இந்த ஒரு நம்பரே போதுமான காரணம்.

படி 3: எக்ஸ்சேஞ்ச் பெட்டி

ராஸ்பெர்ரி பை 4 என்ற கையளவு கணினிப் பலகை போதும், அதிகமும்கூட. ஐம்பது போன் உள்ள இடத்தில் ஒரே நேரத்தில் நாலைந்து பேச்சு நடந்தால் பெரிது. அதற்கு அந்தச் சின்ன பலகை வியர்க்கவே வியர்க்காது. ஆனால் ராஸ்பெர்ரி பையை முழுத் திறந்த வன்பொருள் என்று சொல்ல முடியாது. அதன் முக்கியச் சில்லும் பலகை வடிவமைப்பும் மூடியவைதான். வடிவமைப்புக் கோப்புகள் முழுதும் வெளியே உள்ள பலகைதான் வேண்டும் என்றால் பீகிள்போன் பிளாக் அல்லது பல்கேரியாவின் ஒலிமெக்ஸ் செய்யும் ஓலினுக்ஸினோ வகைகளைப் பாருங்கள். கொள்கை எனக்கும் பிடிக்கும். ஆனால் சனிக்கிழமை பழுதானால் ஈப்போவில் போய் வாங்கிவரக்கூடிய பலகை எது என்பதையும் யோசிக்க வேண்டும். அலுவலகத்தில் ஒதுக்கிப்போட்ட சிறிய கணினி ஒன்று கிடைத்தால் அதுவே இன்னும் நல்லது.

ராஸ்பெர்ரி பை வாங்கினால் இரண்டு விஷயம் சேர்த்துச் செய்யுங்கள். முதலாவது, மெமரி கார்டை நம்பாதீர்கள். இரவும் பகலும் பதிவு எழுதிக்கொண்டே இருந்தால் கார்டு தேய்ந்து செத்துப்போகும். யூஎஸ்பியில் செருகும் எஸ்எஸ்டி சேமிப்பகத்தில் ஓடவிடுங்கள், அல்லது பதிவுகளை ரேம் நினைவகத்தில் வைக்கச் சொல்லுங்கள். இரண்டாவது கடிகாரம். பை 4இல் பேட்டரிக் கடிகாரம் கிடையாது. இணையம் இல்லாத இடத்தில் மின்சாரம் போய் வந்தால் நேரம் தப்பிவிடும், அப்புறம் இரவு அழைப்பைக் கேட் போனுக்குத் திருப்பும் ஏற்பாடெல்லாம் பகலில் வேலை செய்யத் தொடங்கும். டிஎஸ்3231 என்ற சின்னக் கடிகாரத் துண்டு சில வெள்ளிதான், மாட்டிவிடுங்கள்.

படி 4: போன்கள்

மூன்று வகை உண்டு. நேராக நெட்வொர்க் கேபிளில் செருகும் ஐபி போன் முதலாவது. கோலாலம்பூர் அலுவலகங்கள் காலி செய்யும்போது பழைய கிராண்ட்ஸ்ட்ரீம், யீலிங்க் போன்கள் மலிவாகக் கிடைக்கும். வாங்கும் முன் ஒரு கேள்வி: ஏதாவது டெலிபோன் நிறுவனம் அதைப் பூட்டி வைத்திருக்கிறதா? பூட்டிய போன் மேசையில் பேப்பர் பறக்காமல் வைக்கத்தான் உதவும். பழைய சிஸ்கோ போன்கள் பார்க்க அழகு, ஆனால் எஸ்ஐபி (இந்த வகைப் போன்கள் அழைப்பை இணைக்கும் பொது முறை) மென்பொருளை ஏற்றுவதற்குள் பொறுமை போய்விடும்.

இரண்டாவது, வீட்டில் கிடக்கும் சாதாரண மேசைப் போன். அதற்கு ஏடிஏ என்ற மாற்றுப் பெட்டி தேவை. பெட்டியில் எஃப்எக்ஸ்எஸ் என்று போட்ட துளை போனுக்கு. டயல் டோனும் மணியடிக்கும் மின்னழுத்தமும் அதிலிருந்துதான் வரும். எஃப்எக்ஸ்ஓ என்று போட்ட துளை வெளி லைனுக்கு. இரண்டையும் மாற்றிச் செருகினால் பெட்டி போய்விடலாம், வண்ண டேப் ஒட்டி வையுங்கள். கிராண்ட்ஸ்ட்ரீம் எச்டி802இல் இரண்டு போன் துளை, எச்டி813இல் போனுக்கு ஒன்று வெளி லைனுக்கு ஒன்று. ஒரு லயத்தின் நடுவில் ஏடிஏ பெட்டிகளை வைத்துவிட்டு, அங்கிருந்து அதே கூரையடியில் வீட்டுக்கு வீடு சாதாரண இரண்டு கம்பி டெலிபோன் ஒயரை இழுப்பதுதான் மிக மலிவான வழி. எட்டு, பதினாறு துளை உள்ள பெட்டிகளும் உண்டு. பழையது கிடைத்தால் விடாதீர்கள்.

மூன்றாவது ஹேண்ட்போனில் லின்போன் போன்ற இலவச ஆப். கூப்பிடுவதற்கு நல்லது. வரும் அழைப்புக்கு நம்ப முடியாது. பேட்டரியை மிச்சம் பிடிக்க ஆண்ட்ராய்டு அதைத் தூங்கவைத்துவிடும், மணி அடிக்காது. 111 அடிக்கும் பட்டியலில் ஆப்பை மட்டும் வைத்திருக்கும் ஆள் ஒருவரும் இருக்கக் கூடாது.

குலை நிறுக்கும் இடத்துக்கும் ஆயாக் கொட்டகைக்கும் ஒரு வசதி உண்டு. ஏடிஏ அமைப்பில், ரிசீவரைத் தூக்கியதுமே தானாக ஒரு நம்பரை அடிக்கும்படி வைக்கலாம். எழுதப் படிக்கத் தெரியாதவரும் தூக்கினால் போதும், கேட்டில் மணி அடிக்கும்.

படி 5: கட்டடத்திலிருந்து கட்டடத்துக்கு

எந்தக் கட்டடத்துக்கும் இன்னொரு கட்டடத்துக்கும் இடையில் திறந்த வெளியில் தாமிர நெட்வொர்க் கேபிள் இழுக்காதீர்கள். நூறு மீட்டருக்கு மேல் அது போகாது என்பது ஒரு காரணம். பெரிய காரணம் மின்னல். பக்கத்தில் எங்கோ விழும் இடிகூட நீண்ட தாமிரக் கம்பியில் மின்சாரத்தைத் தூண்டிவிட்டு இரண்டு முனையிலும் உள்ளதைப் பொசுக்கிவிடும். பேராக்கில் பிற்பகல் மழை எப்படி வரும் என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இருநூறு முந்நூறு மீட்டர் தூரம் என்றால் ஃபைபர், அதாவது ஒளியில் செய்தி கடத்தும் கண்ணாடியிழைக் கேபிள், போடுங்கள். பயப்பட வேண்டாம். இரண்டு முனையிலும் கனெக்டர் போட்டே வரும் ரெடிமேட் கேபிளை ஆன்லைனில் வாங்கலாம், ஒட்டும் மெஷின் தேவையில்லை. இரண்டு முனைக்கும், ஃபைபரைச் சாதாரண நெட்வொர்க் கேபிளோடு இணைக்கும் மீடியா கன்வர்ட்டர் ஒன்று ஒன்று. வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: வெளியில் தொங்கவிடும் ஃபைபர் கேபிள் பலவற்றில் தாங்குவதற்கு இரும்புக் கம்பி ஒன்று ஓடும். அதை வாங்கினால் மின்னலுக்கு நீங்களே பாதை போட்டுக் கொடுத்த மாதிரி. உலோகமே இல்லாத, கண்ணாடியிழைத் தாங்கு கம்பி உள்ள கேபிளைக் கேட்டு வாங்குங்கள். எலித் தொல்லை உள்ள இடத்தில் பிவிசி குழாய்க்குள் விடுங்கள்.

அதைவிடத் தூரம் என்றால் வெளியில் வைக்கும் வைஃபை ரேடியோ ஒரு ஜோடி. உபிக்விட்டி, டிபி-லிங்க் இரண்டிலும் இந்த வகை உண்டு. மழை 5 கிகாஹெர்ட்ஸ் அலையைப் பெரிதாகத் தடுக்காது. தடுப்பது செம்பனை மட்டை, அதிலும் நனைந்த மட்டை. இரண்டு ரேடியோவும் ஒன்றையொன்று பார்த்தால் மட்டும் போதாது, பார்வைக் கோட்டைச் சுற்றியும் இடம் வேண்டும். ஒரு கிலோமீட்டர் தூரத்தில் 5.8 கிகாஹெர்ட்ஸ் அலைக்கு நடுவழியில் அந்த இடத்தின் ஆரம் சுமார் 3.6 மீட்டர். அதில் அறுபது விழுக்காடாவது, அதாவது இரண்டு மீட்டருக்குக் கொஞ்சம் மேல், காலியாக இருக்க வேண்டும். மரம் வளரும் என்பதையும் மறக்கக் கூடாது. இன்று மட்டைக்கு மேலே ஒரு மீட்டர் இடைவெளியோடு போகும் இணைப்பு சில வருடத்தில் காட்டுக்குள் போய்விடும். மறுநடவு செய்த பகுதிக்கு மேலாகப் பாதை கிடைத்தால் பல வருடத்துக்குக் கவலையில்லை.

ரேடியோவில் அனுப்பும் சக்தியை ஏற்றி ஏற்றிப் பிரச்சினையைத் தீர்க்கப் பார்க்காதீர்கள். மலேசியத் தொடர்பு பல்லூடக ஆணையம் அதற்கு உச்சவரம்பு வைத்திருக்கிறது. அமைப்பில் நாடு என்ற இடத்தில் மலேசியா என்று உண்மையாகப் போட்டால் பெட்டியே அந்த வரம்புக்குள் நின்றுகொள்ளும். சிரிம் என்ற மலேசியத் தர நிறுவனத்தின் சான்று பெற்ற கருவியாகவும் பார்த்து வாங்குங்கள்.

வேகம் பற்றிக் கவலை வேண்டாம். குரலை அனுப்பும் ஜி.711 என்ற சாதாரண முறையில் ஒரு பேச்சுக்கு ஒவ்வொரு திசையிலும் 90 கிலோபிட்டுக்கும் குறைவுதான். தாமதம்தான் முக்கியம்: ஒரு வழிக்கு 150 மில்லிவிநாடியைத் தாண்டினால் இருவரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கிவிடுவார்கள். அதனால் யூடியூப் பார்க்கும் வைஃபையும் போன் இணைப்பும் ஒரே ரேடியோவில் போனால் குரலுக்கு முன்னுரிமை கொடுக்க வேண்டும். ரௌட்டரில் ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற இலவச மென்பொருளைப் போட்டால் இதைச் சரியாகச் செய்யலாம்.

படி 6: இடியும் கரண்டும்

தண்ணீர்த் தொட்டி மேல் ரேடியோ வைத்தால் அங்கிருந்து இறங்கும் கேபிள் எக்ஸ்சேஞ்ச் அறைக்குள் நேராக நுழையக் கூடாது. தொட்டியின் காலடியில் ஒரு பெட்டி வைத்து, ரேடியோவுக்கான மின்சாரத்தையும் ஒரு மீடியா கன்வர்ட்டரையும் அதில் போடுங்கள். அங்கிருந்து அறைக்குப் போவது ஃபைபர் மட்டும். அந்தப் பெட்டிக்கு மெயின் கரண்ட் இழுத்தால் அதுவும் தாமிரம்தான் என்பதால், சிறிய சோலார் பலகையும் பேட்டரியும் வைப்பது இன்னும் நல்லது. இடி விழுந்தால் தொட்டிப் பெட்டி போகலாம், அறையில் உள்ள எக்ஸ்சேஞ்ச் பிழைக்கும்.

தாமிரம் தவிர்க்கவே முடியாத இடத்தில் திடீரென ஏறும் மின்னழுத்தத்தை மண்ணுக்குத் திருப்பும் வாயுக்குழாய் வகைச் சர்ஜ் தடுப்பான் போடுங்கள். அதன் எர்த் கம்பி குட்டையாகவும் நேராகவும் இருக்க வேண்டும். எல்லாத் தடுப்பானும் கட்டடத்தின் மின் எர்த்தும் ஒரே இடத்தில் சேர வேண்டும். தனித்தனியாக ஆளுக்கொரு கம்பியை மண்ணில் அடித்து வைப்பது ஆபத்து. இரண்டு எர்த்துக்கு நடுவில் வரும் மின்னழுத்தம் உங்கள் கருவி வழியாகத்தான் போகும். இந்த வேலைக்கு உரிமம் உள்ள வயர்மேனைக் கூப்பிடுங்கள். இதில் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

கரண்ட் கணக்கு எளிது. ராஸ்பெர்ரி பை, நெட்வொர்க் சுவிட்ச், ஒரு ஏடிஏ, இரண்டு ரேடியோ சேர்ந்தால் சுமார் 20 வாட். மோட்டார்சைக்கிள் அளவு 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி லெட் பேட்டரி என்றால் 84 வாட்-மணி. பாதிக்கு மேல் இறக்கினால் அது சீக்கிரம் கெடும், ஆக இரண்டு மணி நேரம் தாங்கும். 12.8 வோல்ட் 20 ஆம்பியர்-மணி லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி 256 வாட்-மணி, இழப்புகள் போக ஓர் இரவு முழுக்கத் தாங்கும். கையில் காசு இருந்தால் ராஸ்பெர்ரி பையை மேம்படுத்தாதீர்கள், இந்தப் பேட்டரியை வாங்குங்கள். 230 வோல்ட் யூபிஎஸ் வாங்கி அதில் ஐந்தாறு அடாப்டர் செருகுவதைவிட, 12 வோல்ட்டிலிருந்தே தேவையான 5, 24 வோல்ட்டுக்கு மாற்றும் சிறிய கன்வர்ட்டர்கள் வைப்பது மிச்சமானது.

வெளிப் பெட்டிகளில் கேபிள் அடிப்பக்கமாக நுழைய வேண்டும், நுழையும் முன் கேபிள் ஒரு வளைவாகத் தொங்க வேண்டும். மழைத் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். ஓட்டைகளைச் சிலிக்கன் வைத்து அடையுங்கள். எறும்பு குடியேற இளஞ்சூடான பெட்டியைவிட வசதியான வீடு அதற்குக் கிடைக்காது.

படி 7: ஆஸ்டெரிஸ்க்

ராஸ்பெர்ரி பையில் லினக்ஸைப் போட்டு, ஆஸ்டெரிஸ்க்கின் நீண்டகால ஆதரவுப் பதிப்பு ஒன்றை மூல நிரலிலிருந்தே தொகுத்து நிறுவுங்கள். 20, 22 இரண்டும் அந்த வகை. இணையத்தில் கிடைக்கும் பழைய பாடங்கள் பலவும் சான்-சிப் என்ற பழைய இணைப்பு முறையைச் சொல்லும். 21ஆம் பதிப்பிலிருந்து அது நீக்கப்பட்டுவிட்டது. பிஜேசிப் முறையைச் சொல்லும் பாடங்களையே படியுங்கள். ஃப்ரீபிபிஎக்ஸ் என்ற வலைப்பக்க மேலாண்மையும் உண்டு. சாதாரணக் கணினியில் நன்றாக ஓடும். ஐம்பது போனுக்கு நான் கையால் எழுதும் இரண்டு கோப்புகளையே விரும்புவேன். எல்லாம் கண் முன்னால் இருக்கும், அச்சடித்து அலமாரியில் வைக்கலாம்.

முதல் கோப்பு போன்களைப் பற்றியது. ஒவ்வொரு போனுக்கும் மூன்று பகுதி எழுத வேண்டும்: அது யார், எப்படி நடத்த வேண்டும் என்பது ஒன்று, கடவுச்சொல் ஒன்று, இப்போது எந்த முகவரியில் இருக்கிறது என்று நினைவில் வைப்பது ஒன்று. குரல் முறையில் எல்லாவற்றையும் மறுத்துவிட்டு, ஜி.711இன் ஒரு வகையான ஏ-லா என்ற ஒன்றை மட்டும் அனுமதியுங்கள். நம் நாட்டு லைன்களும் அதே முறைதான், மாற்றும் வேலை மிச்சம். அறுபது விநாடிக்கு ஒருமுறை ஒவ்வொரு போனும் உயிரோடு இருக்கிறதா என்று தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். எந்த வீட்டுப் போன் செத்தது என்பதை அந்த வீட்டார் சொல்வதற்கு முன்பே நீங்கள் தெரிந்துகொள்ளலாம்.

இரண்டாவது கோப்பு, எந்த நம்பரை அமுக்கினால் என்ன நடக்க வேண்டும் என்பது. இதில் அறைகள் போலப் பிரிவுகள் இருக்கும். ‘உள்’ என்ற பிரிவில் மூன்று இலக்க நம்பர்களும் 111உம் 999உம். ‘வெளி’ என்ற பிரிவில் 0இல் தொடங்கும் நம்பர்கள். எல்லாப் போனும் ‘உள்’ பிரிவில். அலுவலகம், கேட், மருந்தகம் மட்டும் இரண்டிலும். முப்பது விநாடி அடித்தும் யாரும் எடுக்காத பொது நம்பர் கேட்டுக்குப் போகட்டும். 111 மட்டும் எடுக்கும்வரை விடக் கூடாது: முதலில் மூன்று மேசைப் போன், இருபத்தைந்து விநாடி கழித்து அதோடு வெளி லைன் வழியாக அந்த ஆட்களின் ஹேண்ட்போன்களும்.

600 என்ற நம்பரில் எதிரொலிச் சோதனை வையுங்கள். பேசினால் உங்கள் குரலே திரும்பி வரும். போன் மாட்டியதும் முதலில் அமுக்க வேண்டியது அதுதான். நம்பர் திட்டப்படி ஆறாம் லயம் இருந்தால் அதில் 00 என்ற கதவு இருக்காது என்பதால் மோதாது. உங்கள் குரல் போகிறது, எதிர்க்குரல் வரவில்லை என்றால் பெரும்பாலும் நடுவில் ஒரு ரௌட்டர் முகவரியை மாற்றிக்கொண்டிருக்கிறது; எல்லாப் போனையும் ஒரே நெட்வொர்க் வரிசையில் வைத்தால் தீரும். ஏடிஏவில் மூன்று இலக்கம் அமுக்கியதும் உடனே அனுப்பும்படி டயல் விதியை எழுதிவிடுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு அழைப்புக்கும் நாலு விநாடி சும்மா நிற்கும், ஜனங்கள் ‘இது வேலை செய்யவில்லை’ என்று வைத்துவிடுவார்கள்.

அறிவிப்புக் குரலைத் தோட்டத்து ஆள் ஒருவரையே பேசவைத்துப் பதிவு செய்யுங்கள்: 8000 ஹெர்ட்ஸ், மோனோ, 16 பிட். ஆடாசிட்டி என்ற இலவச ஒலிப்பதிவு மென்பொருள் போதும். தமிழோடு மலாயிலும் கட்டாயம் வேண்டும். இப்போது வெட்டு வேலையில் இருப்பவர்களில் பலர் இந்தோனேசியர், வங்காளதேசத்தவர். நோய் எல்லோருக்கும் வரும்.

படி 8: வெளி உலகம்

உள் அழைப்பு நன்றாக ஓடிய பிறகுதான் இதைத் தொடுங்கள். அலுவலகத்தில் ஃபைபர் இணையத்தோடு வரும் வீட்டு லைன் இருந்தால், அந்தப் பெட்டியின் போன் துளையை ஏடிஏவின் எஃப்எக்ஸ்ஓ துளையோடு இணைக்கலாம். இங்கே ஒரு சிக்கல் வரும்: மறுமுனையில் வைத்துவிட்டது ஏடிஏவுக்குத் தெரியாமல் லைன் பிடித்தபடியே நிற்கும். மலேசியாவின் பிஸி டோன் 425 ஹெர்ட்ஸ், அரை விநாடி ஒலித்து அரை விநாடி நிற்பது. இதை ஏடிஏவில் எழுதிக் கொடுத்தால் அது கேட்டுக் கண்டுபிடித்து லைனை விடும். உரிமம் பெற்ற நிறுவனத்திடம் எஸ்ஐபி டிரங்க் (இணையம் வழியாக வரும் வெளி லைன்) வாங்கினால் இந்தத் தொல்லையே இல்லை, ஆனால் மாதக் கட்டணம் உண்டு, இணையமும் நிலையாக இருக்க வேண்டும்.

சிம் கார்டு போடும் யூஎஸ்பி மோடத்தையும் ஆஸ்டெரிஸ்க்கோடு இணைக்கலாம். பழைய 3ஜி மோடம் மலிவாகக் கிடைக்கும். 3ஜி சேவை 2021 முடிவோடு நிறுத்தப்பட்டுவிட்டதால் அது 2ஜியில்தான் நிற்கும்; நாளைக்கு அதுவும் போகலாம். புதிதாக வாங்குவதென்றால் 4ஜியில் குரல் பேசும் மோடமாகப் பாருங்கள். எந்த வழியானாலும் அழைப்பைக் காசுக்கு விற்காதீர்கள், 1998ஆம் ஆண்டு தொடர்பு பல்லூடகச் சட்டத்தின் உரிமப் பிரச்சினை அங்கேதான் தொடங்கும்.

999 அமுக்கினால் எந்த வெளி லைன் காலியோ அதில் போகட்டும். பேச்சு நடந்துகொண்டிருந்தால் அதைத் துண்டித்தாவது போகட்டும். லைனே செத்திருந்தால் ‘ஹேண்ட்போனில் அடியுங்கள்’ என்று உடனே சொல்லும் அறிவிப்பு வர வேண்டும், மௌனம் வரக் கூடாது.

படி 9: பூட்டு

எஸ்ஐபியின் 5060 வாசலை இணையத்துக்குத் திறக்கவே கூடாது. திறந்தால் உலகெங்கும் உள்ள தானியங்கி நிரல்கள் 101, 102 என்று கதவைத் தட்டத் தொடங்கும். கடவுச்சொல்லும் 101 என்றே இருந்தால் இரவோடிரவாக உங்கள் லைனில் வெளிநாட்டுக்குப் பேசிவிடுவார்கள், பில் உங்களுக்கு வரும். தூரத்திலிருந்து பராமரிக்க வயர்கார்ட் என்ற இலவச விபிஎன் (இணையத்துக்குள் பூட்டிய தனிப்பாதை) போதும். 00இல் தொடங்கும் வெளிநாட்டு அழைப்பை ‘வெளி’ பிரிவிலேயே அடைத்துவிடுங்கள். எங்காவது வெளிநாட்டு அழைப்பு நிஜமாகவே தேவைப்பட்டால் அலுவலகப் போனுக்கு மட்டும் ரகசிய எண்ணோடு திறக்கலாம்.

படி 10: ஒப்படைப்பது

முதல் மாதம் கேட், மருந்தகம், அலுவலகம் மூன்று மட்டும். அடுத்து ஒரு லயம். ஒரே நாளில் ஐம்பது வீட்டையும் இணைத்தால் ஐம்பது புகாரும் ஒரே நாளில் வரும்.

ஒவ்வொரு போனுக்குப் பக்கத்திலும் அதன் சொந்த நம்பரும் 111உம் பெரிய எழுத்தில் ஒட்டியிருக்கட்டும். கிராணியும் படித்த இளைஞர் ஒருவரும், ஆக இரண்டு பேராவது பெட்டியை அணைத்துப் போடவும், செத்த போனைக் கண்டுபிடிக்கவும், பேட்டரியைப் பார்க்கவும் பழக வேண்டும். மாதம் ஒருமுறை, முதல் பெரட்டு (காலை ஆள்கணக்கு) நாளில், 111ஐ அமுக்கி மூன்று இடத்திலும் மணி அடிக்கிறதா என்று கேட்டுக் குறித்துக்கொள்ளட்டும். தயாராக நகல் எடுத்த எஸ்எஸ்டி அல்லது கார்டு ஒன்று, உபரி ஏடிஏ ஒன்று, மீடியா கன்வர்ட்டர் ஒரு ஜோடி, இரண்டு கோப்புகளின் அச்சுப் பிரதி, கடவுச்சொல் எழுதிய தாள் எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் வைத்து அலுவலக இரும்பு அலமாரியில் பூட்டுங்கள். சாவி யாரிடம் என்பதைப் பெட்டி மேலேயே எழுதுங்கள், ஆளின் பெயராக இல்லாமல் பதவியின் பெயராக.